பத்து மீற்றர்த் துப்பாக்கி: கொழும்பில் வாங்கியதும் சுட்டுப் பார்த்ததும்

பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில், இலக்கு அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். ஆண்களின் சட்டையில் தைக்கும் பொத்தானின் அளவு. போட்டித் தரத்தில் செய்த எந்தத் துப்பாக்கியையும் இடுக்கியில் இறுக்கி, அதற்கு ஒத்துவரும் பெலட்டை, அதாவது காற்றுத் துப்பாக்கிக்கான சிறிய ஈயக் குண்டைப், போட்டுச் சுட்டால், குண்டுகள் எல்லாம் அந்தப் பொத்தானுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பழையதும் அப்படித்தான், புதியதும் அப்படித்தான். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி என்று தயாரிப்பாளர்களின் பெயர்களை அடுக்கி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அட்டைகளைப் பார்த்தால் ஏழும் எட்டுமாகச் சிதறிக் கிடக்கும். குழல் எல்லோருக்கும் பத்துப் போடுகிறது. மிச்சத்தைக் கை கெடுக்கிறது.

அப்படியானால் நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம்? கைப்பிடிக்கும், விரலால் இழுக்கும் விசைக்கும். இந்த இரண்டும் சரியாக அமைந்த துப்பாக்கி கையில் இருந்தால், தவறிய குண்டுக்குக் குற்றம் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது. அந்த நிலைக்கு வருவதற்காகத்தான் நான் வாங்கினேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் இருந்த ஆசை ரிவோல்வர் மீது. 25 மீற்றர் போட்டிகளில் சென்டர்ஃபயர் என்றொரு பிரிவு உண்டு. 7.62 முதல் 9.65 மில்லிமீற்றர் வரையான விட்டமுள்ள ரவைகளைச் சுடும் கைத்துப்பாக்கிகளுக்கு உரியது. அதில் .38 ரிவோல்வரையும் பயன்படுத்தலாம். ஆறு அறை, ஒரு சுத்தியல், ஒரு விசை. உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியிலேயே தெரியும். இயந்திரங்களை விரும்புகிறவனுக்கு அதைவிட அழகான பொருள் கிடையாது. எங்கள் பயிற்றுநர் இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய காலத்தில் கற்ற தமிழை இன்னும் மறக்காதவர். “மல்லி (தம்பி), ஆசையைச் சொல்லாதீர்கள். முதலில் சுட்டுப் பாருங்கள்” என்றார். முறையான அனுமதியுடன் ஒரு படைத்தரப்புச் சுடுதளத்தில் அதற்கு வாய்ப்பும் ஏற்படுத்தித் தந்தார்.

ஆறு அங்குலக் குழல். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அவர் முதலில் சொன்னது குறி பார்ப்பதைப் பற்றி அல்ல, பெருவிரலைப் பற்றி. ரிவோல்வரின் சுழலும் உருளைக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி ஒன்று இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அதன் வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் சீறும். மற்றக் கைத்துப்பாக்கிகளைப் பிடித்துப் பழகியவர்கள் இடது பெருவிரலை முன்னால் நீட்டி அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். விரல் அந்த இடைவெளிக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் விசை ஒன்றரைக் கிலோ அளவில், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடும். இழுக்காமல் விசையாலேயே சுத்தியலைத் தூக்கிச் சுட்டால் நாலைந்து கிலோ இழுவை. அந்த நீண்ட இழுப்பில் குழல் முனையில் உள்ள முன் குறி இலக்கு முழுவதும் சுற்றிவரும். இலக்குச் சுடுதலுக்கு முதல் முறையே போதும். ரிவோல்வர் வாங்குகிறவர் அதன் சுத்தியல் பின்னுக்கு நிற்கும்போது உருளையை விரலால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவு மிக நுண்ணியதாக இருந்தால் நல்லது. லொடலொடவென்று ஆடினால், அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. ரவையின் ஓரம் சிராய்க்கப்பட்டுத்தான் வெளியே போகும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஒன்று பிழைக்கும் துப்பாக்கிகள் உண்டு. விசையையும் சுத்தியலையும் தொடுவதற்கு முன்னால் உருளையைத் திறந்து ஆறு அறைகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரல் நுனியாலும் பார்த்துவிட வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பிறகு பயிற்றுநர் செய்த வேலைதான் என் மனதை மாற்றியது. என் கண்ணுக்கு மறைத்து அவரே ரவை நிரப்பினார். சில அறைகளில் ரவை, சில அறைகளில் முன்பே சுட்ட வெற்றுக் கோது. எது எங்கே என்று எனக்குத் தெரியாது. வெற்றுக் கோதின் மேல் சுத்தியல் விழுந்தபோது வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனால் துப்பாக்கியின் முனை தலையைக் குனிந்தது. வரப்போகும் உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே கீழே அழுத்துகிறது. வெடிக்கும் ரவையில் இது தெரியவே தெரியாது, உதைப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். புதிதாகச் சுடுகிற யாரும் இதற்கு விலக்கல்ல என்றார் அவர். ரிவோல்வர் உள்ளவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி இதுதான். முனை குனியாமல் சுத்தியல் விழும் வரை ரவையை வீணாக்க வேண்டாம்.

“இந்தக் கையைத் திருத்த உங்களுக்கு ரிவோல்வர் எதற்கு? ஒரு பெட்டி .38 ரவைக்குச் செலவழிப்பதை வைத்துப் பெலட் வாங்கினால் மாதக்கணக்கில் சுடலாம்” என்றார். கணக்காளன் என்பதால் அந்த வாதம் என்னிடம் எளிதில் எடுபட்டது. பெலட் ஒரு தகர டப்பாவில் 500 வரும். ஒரு முழுப் போட்டிக்கு அறுபதுதான்.

அனுமதி விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது நினைவிருக்கும். விளையாட்டுக்கென்று விண்ணப்பிக்கிறவர் “பாதுகாப்புக்கும் உதவும்தானே” என்று ஒரு வரி சேர்ப்பது புத்திசாலித்தனமல்ல. இரண்டும் இரண்டு பாதைகள். காற்றுத் துப்பாக்கிதானே என்று இளக்காரமாக நினைத்து வெளிநாட்டு இணையக் கடையில் ஓடர் போடவும் கூடாது. சுங்கத்தில் பெட்டி நிற்கும். விளக்கம் சொல்லி அலைவது நீங்கள். நான் சங்கத்தின் கடிதம், தேசிய துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் பரிந்துரை, அமைச்சின் எழுத்துமூல அனுமதி என்ற வரிசையில்தான் போனேன். காகிதம் கைக்கு வரும் வரை ஒரு சதமும் யாருக்கும் கொடுக்கவில்லை. பொறுமை வேண்டும். மழைக்காலத்தில் கோப்பைப் பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோங்கள்.

புதிதாக வாங்கினால் போட்டித் துப்பாக்கி ஆயிரத்து ஐந்நூறு யூரோவைத் தாண்டும். வரியும் அனுப்புக்கூலியும் வேறு. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்ததற்குப் பின்னர் அந்தத் தொகையை ரூபாயில் எழுதிப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. ஆகவே பழையதைத் தேடினேன். பம்பலப்பிட்டியில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் மெல்பேணில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர். அவரிடம் ஒஸ்திரியாவில் செய்த துப்பாக்கி ஒன்று இருந்தது.

“அங்கிள், நான் கொஞ்சம் கூடுதலாகத் துருவிப் பார்ப்பேன், குறை நினைக்காதீர்கள்” என்றேன்.

“துருவாமல் வாங்குகிறவனுக்கு நான் விற்கமாட்டேன், தம்பி” என்றார். பிறகு ஒவ்வொன்றாக அவரே காட்டத் தொடங்கினார். இருவருமாக ஒரு முழு மாலையைச் சங்கத்தின் சுடுகூடத்தில் செலவழித்தோம்.

முதலில் சிலிண்டர். இந்தத் துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே ஒரு சிறிய காற்றுச் சிலிண்டர் திருகப்பட்டிருக்கும். 200 பார் வரை அழுத்தக் காற்று அதில் அடைக்கப்படுகிறது. அதன் உடலில் செய்த ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தத் திகதியில் இருந்து பத்து ஆண்டுதான் அதன் ஆயுள் என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் காலம் கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்கமாட்டார்கள், அனுமதித்தாலும் முகத்துக்கு அருகில் வைக்க எனக்கு விருப்பமில்லை. அவரிடம் இரண்டு சிலிண்டர் இருந்தன. ஒன்று காலாவதியானது. அதை விலையில் சேர்க்க முடியாது என்றேன். தலையசைத்தார். பழையது வாங்கும்போது பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். புதிய சிலிண்டரின் விலை சின்னத் தொகையல்ல.

அடுத்தது கசிவு. சிலிண்டரை நிரப்பித் துப்பாக்கியில் பூட்டி, அழுத்தமானியின் முள்ளைப் படம் எடுத்து, அப்படியே ஒரு நாள் முழுவதும் வைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். விற்கிறவர் அவசரப்படுத்தினால் வாங்காதீர்கள். முள் இறங்கினால் பெரும்பாலும் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். வளையம் மலிவு, மாற்றத் தெரிந்தவரைக் கொழும்பில் பிடிப்பதுதான் கடினம்.

மூன்றாவது விசை. விதிப்படி காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். துப்பாக்கியின் முனையை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எடை தரையை விட்டு மேலெழும்ப மெதுவாகத் தூக்குவார்கள். சுத்தியல் விழாவிட்டால் சரி. அங்கிளின் துப்பாக்கி தாங்கியது, ஆனால் மயிரிழையில். போட்டியன்று வியர்வையும் படபடப்புமாக நிற்கும்போது அந்தச் சோதனையில் தோற்றால் என்னாவது? 510, 520 கிராம் வரை ஏற்றி வைத்துக்கொள்வது நிம்மதி. அந்தப் பத்து, இருபது கிராமை விரல் கவனிக்கவே கவனிக்காது. விரல் கவனிப்பது வேறொன்றை. விசை முதலில் கொஞ்சத் தூரம் இலகுவாக வந்து, ஒரு சுவரில் முட்டி நின்று, பிறகு அசைவே தெரியாமல் விட வேண்டும். சுவருக்கு அப்பால் மணல் அரைபடுவதுபோல் இழுபட்டால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. நல்லவேளை, இந்தத் துப்பாக்கிகளைக் காற்றோ பெலட்டோ இல்லாமல் வெறுமனே விசையை மட்டும் இயக்கிப் பார்க்க முடியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் பாருங்கள். இலத்திரனியல் விசை உள்ளதாக இருந்தால் மின்கலத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் போட்டியின் நடுவே துப்பாக்கி பழுதாகிப் பெறுமதியான நிமிடங்களை இழந்தார். 2024 இல் பாரிஸில் அவரே இரண்டு வெண்கலம் வென்றார். உயர்ந்த விலைத் துப்பாக்கியும் பழுதாகும். பழுதானால் யார் திருத்துவார் என்ற கேள்வி, டில்லியில் இருப்பவரை விடக் கொழும்பில் இருப்பவருக்கு முக்கியம்.

பிடியைக் கடைசியாக வைத்தேன். ஏனென்றால் அதுதான் விற்கிறவருக்கு அளவாகச் செதுக்கப்பட்டது, எனக்கு அல்ல. போட்டித் துப்பாக்கியின் மரப்பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வருகிறது. வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. உள்ளங்கையின் அடியில் ஏற்றி இறக்கக்கூடிய தட்டு ஒன்று இருக்கும். கண்ணை மூடி, துப்பாக்கியைப் பிடித்துக் கையை உயர்த்தி, கண்ணைத் திறந்தால் முன் குறி பின் குறியின் பள்ளத்துக்குள் நடுவில் நிற்க வேண்டும். மணிக்கட்டை முறுக்கித்தான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அந்தப் பிடி உங்களுடையது அல்ல. ஒரு குண்டுக்கு முறுக்கலாம். 75 நிமிடங்களில் அறுபது குண்டு சுடும்போது அந்த முறுக்கல் தளர்ந்து தளர்ந்து குண்டுகள் ஒரு பக்கமாக நகரும்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: உங்கள் ஆளும் கண் எது? இரண்டு கைகளையும் நீட்டி, பெருவிரல்களும் சுட்டுவிரல்களும் சேர்ந்து ஒரு சிறு சாளரம் அமைத்து, அதனூடாகத் தூரத்தில் உள்ள மின்விளக்கைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது விளக்கு மறைகிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆள்வது அரிதல்ல. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதை விட வாங்குமுன் கண்டுபிடிப்பது மலிவு. கை மாறிப் பழகுவது முடியாத காரியமும் அல்ல. ஹங்கேரியின் கரோலி தகாச் 1938 இல் கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தார். இடக்கையால் சுடப் பழகி 1948 இலும் 1952 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

பணம் கைமாறுவதற்கு முன்பு உரிமை மாறும் காகிதங்கள் முடிய வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் வீட்டில் வேறொரு விசாரணை நடந்தது. நாங்கள் வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறோம். 2007 ஜூனில் அந்தச் சுற்றுவட்டாரத்து விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதை அம்மா பக்கத்திலிருந்து பார்த்தவர். அதற்கு முன்னும் பின்னும் வீட்டுக் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்ட இரவுகள் அவருக்கு எண்ணிக்கையில்லை.

“துவக்கு இல்லாத வீட்டிலேயே துவக்கைத் தேடினவர்கள், தம்பி. நீ இப்போது காசு கொடுத்து வாங்கி வைக்கப் போகிறாயா?” என்று கேட்டார்.

இதற்குச் சட்டப் பிரிவுகளை எடுத்துச் சொல்லிப் பயனில்லை. அவர் சொன்னது சட்டத்தைப் பற்றி அல்ல. துப்பாக்கி சங்கத்தின் பூட்டிய களஞ்சியத்திலேயே இருக்கும், வீட்டு வாசற்படி ஏறாது என்று உறுதி சொன்னேன். அதையே இப்போதும் கடைப்பிடிக்கிறேன். விளையாட்டுக்கும் இது இழப்பு அல்ல. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி கையைத் தூக்கி அசையாமல் வைத்திருப்பது. அதற்கு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். போட்டித் துப்பாக்கியின் எடை அதை ஒட்டியே வரும், உச்சவரம்பு ஒன்றரைக் கிலோ. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி தோளிலிருந்து தூக்கி, பத்து விநாடி நிறுத்தி, இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடியும். அம்மாவுக்கு இதில் ஆட்சேபனை கிடையாது. “அப்படியே அந்த மேல் தட்டையும் துடைத்துவிடு” என்பார்.

துப்பாக்கி என் பெயருக்கு வந்த பின் முதல் சிக்கல் காற்று. ஐரோப்பியச் சுடுதளங்களில் நிரப்பும் வசதி மூலையில் இருக்கும். இங்கே எனக்குக் கைகொடுத்தது சுழியோடுபவர்களின் உலகம். கல்கிசைக் கடலுக்கு அப்பால் மூழ்கிய கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்களுக்காகக் காற்றுச் சிலிண்டர் நிரப்பும் இடங்கள் கரையோரத்தில் இயங்குகின்றன. அவர்களுடைய பெரிய சிலிண்டரில் 200 பார் காற்று வாங்கி, இணைப்புக் குழாய் மூலம் துப்பாக்கியின் சிலிண்டருக்கு மாற்றலாம். மூன்று விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். காற்று மட்டுமே, ஒட்சிசன் கலந்தது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஈரம் வடிகட்டப்பட்டதா என்று கேளுங்கள், ஏனென்றால் ஈரக் காற்று உள்ளே போனால் அழுத்தச் சீராக்கியை உள்ளிருந்தே அரிக்கும். வால்வை மெதுவாகத் திறங்கள். சட்டென்று நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறிய பிறகு முள் இறங்கிக் கசிவு என்று பயமுறுத்தும். இணைப்புத் திருகில் சாதாரண எண்ணெய் பூசக் கூடாது. உயர் அழுத்தக் காற்றும் பெற்றோலிய எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். மிகச் சிறிதளவு சிலிக்கன் கிறீஸ் போதும்.

பிடிக்கு மொறட்டுவை. மரவேலைக்குப் பெயர்போன ஊர் பக்கத்தில் இருக்கும்போது புதுப் பிடியை இறக்குமதி செய்வானேன்? துப்பாக்கியில் இருந்து கழற்றிய மரத்துண்டை மட்டும் கொண்டுபோனேன். தளபாடங்களுக்குச் செதுக்கல் வேலை செய்யும் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன ஆயுதத்தின் கைப்பிடி என்று கேட்டார். விளையாட்டு என்றேன். என் கையைப் பிடித்துப் பார்த்தார். மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டார். அரம் வைத்து விரலிடுக்குகளைக் குறைத்தார். குறைவாக இருந்த இடங்களுக்கு நான் பின்னர் மரப்புட்டி அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, சுட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது என்பது விதி. முழுத் துப்பாக்கியும் 420, 200, 50 மில்லிமீற்றர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும். ஆசைப்பட்டு அகலத்தில் புட்டி அப்பினால் 50 இல் இடிக்கும்.

சுட்டுப் பார்த்த கதைக்கு வருகிறேன். முதல் வேலையாக மேசையில் மணல்மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியை நன்றாகத் தாங்க வைத்து, வெவ்வேறு பெலட்டுகளை ஐந்தைந்தாகச் சுட்டோம். 4.5 மில்லிமீற்றர் என்று பொதுவாகச் சொன்னாலும் தலை விட்டம் 4.49, 4.50 என்று மில்லிமீற்றரின் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் டப்பாக்கள் வருகின்றன. ஒரு குழலுக்கு ஒன்று பிடிக்கும், அடுத்த குழலுக்கு மற்றது. தட்டைத் தலைப் பெலட் என்பதால் காகிதத்தில் அச்சுக் குத்தியதுபோல் வட்டமான ஓட்டை விழும், அளக்க எளிது. என் துப்பாக்கிக்கு விலை உயர்ந்த டப்பாவை விட நடுத்தர விலை டப்பா நெருக்கமாக விழுந்தது. இதை ஒருமுறை செய்து, விடையை எழுதிவைத்துவிட்டால் அதன்பிறகு பெலட்டைக் குறை சொல்லும் வாயை மூடிவிடலாம்.

பிறகு ஒரு கையால், நின்றபடி. இலக்கின் கறுப்பு 59.5 மில்லிமீற்றர் அகலம். அந்தக் கறுப்பின் நடுவைக் குறிபார்ப்பதில்லை. அதற்குக் கீழே வெள்ளையில் ஓர் இடைவெளி விட்டு, முன் குறியை அந்த வெள்ளையில் நிறுத்தி, குண்டு கறுப்பின் நடுவில் விழும்படி பின் குறியைத் திருகி வைத்துக்கொள்கிறோம். பார்வை முன் குறியில் இருக்க வேண்டும், இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். நாற்பதைக் கடந்த என் கண்ணுக்கு இரண்டுமே மங்கலாகத் தெரிந்தன. கண் வைத்தியரிடம் “புத்தகம் வாசிக்கும் தூரம் வேண்டாம், நீட்டிய கையின் முனை வேண்டும்” என்று விளக்கினால் தூரப் பார்வைக் கண்ணாடியின் மேல் அரை டயோப்டர் அளவு கூட்டித் தருவார். நான் இந்த விளையாட்டில் செலவழித்த தொகைகளிலேயே மிகச் சிறியதும் மிகப் பயன்பட்டதும் இதுதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் திகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சாதாரணக் கண்ணாடியுடன் நின்று கலப்பு அணியில் வெள்ளி வென்ற படத்தைக் காட்டி, “எதுவும் தேவையில்லை, பார்” என்று சிலர் சொல்வார்கள். அவர் கையில் இருந்தது போட்டித் துப்பாக்கி. அதன் பின்னால் நிற்பது பல பத்தாண்டுப் பயிற்சி. காற்சட்டைப் பையை மட்டும் பார்த்துப் பின்பற்றுவதில் பொருளில்லை. கையைப் பையில் விடுவதுகூட அலங்காரத்துக்கு அல்ல. சும்மா இருக்கும் கை ஆடினால் உடல் ஆடும்.

சொந்தத் துப்பாக்கி வந்தவுடன் புள்ளிகள் ஏறவில்லை. கொஞ்சம் இறங்கின. சங்கத்தின் பொதுத் துப்பாக்கியில் பிடி பொருந்தாமல் இருந்தபோது குண்டு எங்கே போனாலும் காரணம் தயாராக இருந்தது. இப்போது குண்டு போன இடம் அப்படியே நான் செய்ததைக் காட்டியது. இடப்பக்கம் கீழே போனால் விரல் விசையை நேராக இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. மேலே போனால் குண்டு புறப்படும் கணத்தில் அட்டையைப் பார்க்கத் தலை தூக்கியிருக்கிறேன். பெலட்டின் வேகம் விநாடிக்கு 150 மீற்றர் அளவில். துப்பாக்கி ரவைகளோடு ஒப்பிட்டால் மந்தம். அது குழலை விட்டு வெளியேறும் வரை கை அசையாமல் நிற்க வேண்டும், ஆகவே சுட்ட பிறகும் ஓரிரு விநாடி குறியைப் பிடித்தபடியே நிற்கப் பழகினேன். பயிற்றுநர் பெலட் இல்லாமல் வெறும் விசையை இயக்கும் பயிற்சியைப் பாதிக்கு மேல் வைத்தார். அலுப்பான வேலை. பலன் தந்ததும் அதுதான்.

கொழும்பின் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும் ஊர் இது, கரையோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். துப்பாக்கியோடு வரும் பஞ்சுப் பெட்டி பயணத்துக்கு உரியது, குடியிருக்க அல்ல. பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உருக்கை அரிக்கும். சுட்டு முடிந்ததும் வியர்வை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து, உருக்குப் பாகங்களில் மெல்லிய காப்பெண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வைக்கிறேன். பைகள் நிறம் மாறினால் அடுப்பில் உலர்த்திக்கொள்ளலாம். மரப்பிடி மழைக்காலத்தில் சற்று ஊதும், திருகுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையால் தேநீர்க் கோப்பையைத் தொடாதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள். குழலுக்குள் நிறமுள்ள பாதுகாப்பு நாடா செருகாமல் சுடுகோட்டை விட்டு யாரும் நகரக் கூடாது என்பதில் எங்கள் பயிற்றுநர் வயது, பதவி எதையும் பார்ப்பதில்லை.

முதல் போட்டியில் விசைச் சோதனையில் எடைக்கல் முதல் தூக்கலிலேயே மேலே வந்தது. பத்துப் பத்துக் குண்டாக ஆறு தொடர்களில், அறுநூறு புள்ளிக்கு ஐந்நூற்று இருபதுகளில் முடித்தேன்; மூன்றாவது தொடரில் தோள் சோர்ந்து எட்டுகள் கூடின. அங்கிளுக்கு அட்டைகளின் படத்தை மெல்பேணுக்கு அனுப்பினேன். “உள்ளங்கைத் தட்டை அரை மில்லிமீற்றர் இறக்கிப் பார்” என்று பதில் வந்தது. இறக்கினேன், தோளுக்குச் சற்று இலகுவாக இருக்கிறது. என்னிடம் இருக்கும் சிலிண்டரின் பத்தாண்டு 2027 இல் முடிகிறது. சங்கத்தில் இன்னும் சிலருடையதும் அதே காலத்தில் முடிவதால், அனுமதிக் கடிதத்தையும் அனுப்புக்கூலியையும் பங்கிட்டு, வெற்றுச் சிலிண்டர்களாக ஒன்றாகத் தருவிக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.